முன்கண்ணாடியில் மறைந்த பிள்ளையார்

காலை எட்டு மணிக்குத் தொம்மலூரிலிருந்து மாரத்தஹள்ளிப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலை அங்கே கிழக்கு பார்த்து ஓடுகிறது. வெயில் முகத்தில் அறையும். சன் வைசரை இறக்கிப் பார்த்து, அதுவும் போதாமல், கூலிங் கிளாஸைத் தேடிக் கை போகும். போட்டதும் சுருங்கிய கண் விரியும், போனட்டின் தகதகப்பு அடங்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும். போனட்டின் முனைக்கு மேல் மிதந்துகொண்டிருந்த வேக எண் (அந்தச் சாலையில் அந்த நேரத்தில் அது 18-ஐத் தாண்டியிருக்காது) காணாமல் போயிருக்கும். பக்கத்தில் வழிகாட்டிக்கொண்டிருந்த அம்புக்குறியும் இருக்காது. கூலிங் கிளாஸைக் கழற்றினால் இரண்டும் இருக்கும். திரும்பப் போட்டால் இருக்காது.

காரில் கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டால், மெக்கானிக் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?” என்பார். அவர் கூலிங் கிளாஸ் போட்டிருக்க மாட்டார்.

கோளாறு காரிலும் இல்லை, கூலிங் கிளாஸிலும் இல்லை. இரண்டும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்வதால் வரும் தகராறு இது. ‘போலரைஸ்டு’ என்று சீட்டு ஒட்டி விற்கப்படும் கூலிங் கிளாஸ்களோடு மட்டும்தான் இந்தத் தகராறு; வெறும் கறுப்புச் சாயம் ஏற்றிய கூலிங் கிளாஸ் எண்ணைக் கொஞ்சம் மங்கச் செய்யும், அவ்வளவுதான். இதன் காரணத்தைத் தேடிப் போனால், வழியில் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் வாசலை இரண்டு மூன்று முறையாவது கடக்க வேண்டியிருக்கிறது.

காற்றில் எண்ணை மிதக்கவிடும் ஹெட்-அப் டிஸ்ப்ளே போர் விமானத்திலிருந்து காருக்கு இறங்கி வந்த சாமான். அதற்கும் இந்தச் சாலைக்கும் ஒரு உறவு உண்டு. சாலையை ஒட்டியே இருக்கிறது ஹெச்.ஏ.எல். விமான நிலையம். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது அங்கிருந்துதான். தேஜஸ் விமானியின் கண்ணுக்கு நேரே வேகமும் உயரமும் தெரியும்படி நிற்கும் கண்ணாடியை வடிவமைத்தவர்கள் சண்டிகரின் மத்திய அறிவியல் கருவிகள் அமைப்பினர். விமானி குனிந்து மானியைப் பார்க்கும் ஒரு நொடியில் விமானம் எங்கோ போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு அது. காருக்கும் கணக்கு அதேதான், அளவு மட்டும் சின்னது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடி கீழே பார்த்தால், கார் 16 மீட்டருக்கு மேல் பார்வையில்லாமல் போயிருக்கும்.

விற்பனைக்கு வந்த கார்களில் இது முதலில் 1988-இல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம் அதில் ஒன்று. இந்தியாவில் வெகுகாலம் வெளிநாட்டுச் சொகுசுக் கார்க்காரர்களின் சமாசாரமாக இருந்தது. 2019-இல் கியா செல்டோஸிலும், 2022-இல் மாருதி பலேனோவிலும் பிரெஸாவிலும் வந்தபிறகு சாதாரண அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலும் பார்க்க முடிகிறது. இந்த மூன்றிலும் எண் விழுவது டேஷ்போர்டுக்கு மேல் நிற்கும் சின்னத் தகட்டில். 2024 நவம்பரில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய மின்சாரக் கார்களில் முன்கண்ணாடியே திரை. நான் இங்கே அதிகம் பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

டேஷ்போர்டுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு திரை படுத்திருக்கிறது. பெரும்பாலும் செல்போனில் இருப்பதைப் போன்ற எல்.சி.டி.தான், பின்னால் பலமான எல்.இ.டி. விளக்கு. அதன் ஒளி ஒரு மடிப்புக் கண்ணாடியில் பட்டு, குழிந்த ஆடியில் பட்டுப் பெரிதாகி, டேஷ்போர்டின் மேலுள்ள சன்னல் வழியாக மேலே வந்து, முன்கண்ணாடியில் சாய்வாக மோதி, ஓட்டுகிறவர் கண்ணுக்குத் திரும்புகிறது. எண் கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றாது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, போனட்டுக்கு மேலே நிற்பதாகத் தோன்றும். சாலையைப் பார்க்கும் கண் குவியத்தை அதிகம் மாற்றாமல் அதைப் படிக்கலாம். இத்தனை ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி சாதாரணக் கண்ணாடியில் நடக்கும் ஒரு பிரதிபலிப்பு என்பதுதான் வேடிக்கை. வெளியே பார்ப்பதற்காக வைத்த கண்ணாடி, மிகக் கொஞ்சமாகத்தான் முகம் பார்க்கும் கண்ணாடி வேலை செய்யும்.

அந்தக் கொஞ்சத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. வெயிலிலும் பல்பிலும் இருந்து வரும் ஒளியில் குறுக்காக உள்ள எல்லாத் திசைகளிலும் அதிர்வு கலந்திருக்கும்: மேல்-கீழ், இடம்-வலம், இடையில் உள்ள எல்லாச் சாய்வுகளும். ஏதாவது ஒரு திசை அதிர்வை மட்டும் பிரித்தெடுத்தால் அந்த ஒளியைத் தளவிளைவு பெற்ற ஒளி என்று பள்ளிப் பாடம் சொல்லும். நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய தெரியாது. ‘ஏறக்குறைய’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளையான எல்.சி.டி. திரை ஒன்றை உற்றுப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால், பார்வையின் நட்டநடுவே மிக மங்கலான மஞ்சள் கீற்று ஒன்று சுழல்வதைச் சிலர் பார்க்கிறார்கள். 1844-இல் ஹைடிங்கர் என்ற ஆஸ்திரியர் இதைக் கவனித்து எழுதினார். பழகினால் தெரியும், பழகாவிட்டால் நஷ்டமில்லை.

பளபளப்பான பரப்பில் ஒளி சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, இந்தப் பிரிப்பு தானாகவே நடந்துவிடுகிறது. முதலில் இதைக் கண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் மாலஸ். 1808-இல் பாரிஸில் தன் வீட்டிலிருந்தபடி, எதிரே லக்ஸம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்சைட் எதையும் இரண்டாகக் காட்டும். படிகத்தைத் திருப்பியபோது இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது, இன்னும் திருப்ப மற்றது மங்கியது. நேரடி வெயிலில் அப்படி நடக்காது. சன்னலில் பட்டு வந்த ஒளிக்கு மட்டும் ஏதோ ஒரு அடையாளம் ஏறியிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். எந்தக் கோணத்தில் அந்த அடையாளம் முழுமையாகிறது என்ற விதியை 1815-இல் ஸ்காட்லாந்தின் புரூஸ்டர் சொன்னார். கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 57 டிகிரி, தண்ணீருக்கு 53.

காரணம் எளிமையானது, அழகானதும்கூட. கண்ணாடிக்குள் புகும் ஒளி அங்குள்ள எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலெக்ட்ரான்கள் வெளியே அனுப்பும் ஒளிதான் பிரதிபலிப்பு. ஆனால் எந்த எலெக்ட்ரானும் தான் ஆடுகிற கோட்டின் திசையிலேயே ஒளியை அனுப்பாது, பக்கவாட்டில்தான் அனுப்பும். மேல்-கீழ் அதிர்வு உள்ளே போய் எலெக்ட்ரான்களை ஆட்டும் திசையும், பிரதிபலிப்பு போகவேண்டிய திசையும் ஒரே கோடாக அமையும் கோணம் ஒன்று இருக்கிறது. அதுதான் புரூஸ்டரின் கோணம். அந்தக் கோணத்தில் மேல்-கீழ் அதிர்வுக்குப் பிரதிபலிப்பே கிடையாது. எல்லாம் கண்ணாடிக்குள் போய்விடும். கண்ணாடியின் பரப்போடு படுத்தபடி அதிரும் இடம்-வல அதிர்வுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, திரும்பி வருவது முழுக்க இடம்-வல ஒளி.

இப்போது காரின் முன்கண்ணாடியைப் பாருங்கள். காற்றைக் கிழித்துப் போகவேண்டும் என்று இன்றைய கார்களில் அதை நன்றாகவே படுக்க வைத்துவிட்டார்கள். டேஷ்போர்டிலிருந்து ஏறும் ஒளி அதன்மேல் 60, 65 டிகிரிச் சாய்வில் மோதுகிறது. புரூஸ்டரின் கோணத்துக்கு ரொம்பப் பக்கம். 65 டிகிரிக்குக் கணக்குப் போட்டால், கண்ணாடியின் ஒரு பரப்பிலிருந்து இடம்-வல ஒளியில் ஏறக்குறைய 24 சதவீதம் திரும்புகிறது. மேல்-கீழ் ஒளியில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். இந்த நிலைமையில் பொறியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? எல்.சி.டி.யின் ஒளி எப்படியும் ஏதாவது ஒரு தளத்தில்தான் அதிர்ந்துகொண்டு வெளிவரும், ஏனென்றால் அதன் மேற்பரப்பிலேயே அதற்கான படலம் ஒட்டியிருக்கிறது. அதை முன்கண்ணாடியில் இடம்-வலமாகப் படும்படி திருப்பி வைத்துவிட்டால், நடுப்பகல் வெளிச்சத்திலும் எண் தெளிவாகத் தெரியும். அதைத்தான் செய்கிறார்கள். சரியான முடிவு.

அந்தப் பக்கம் கூலிங் கிளாஸ் செய்பவரும் அதே புரூஸ்டரைப் படித்தவர்தான். சாலைத் தண்ணீர், போனட், பக்கத்துக் கார், இவற்றின் மேல் சாய்வாகப் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியில் இடம்-வல அதிர்வே மிகுதி. அதை மட்டும் விழுங்கி, மேல்-கீழ் அதிர்வை விட்டுவிட்டால் கூச்சம் போய்விடும், காட்சி அதிகம் இருளாது. அதுவும் சரியான முடிவு. இரண்டு சரியான முடிவுகளும் ஒரே மூக்குக்கு மேலே சந்திக்கும்போது வேக எண் காணாமல் போகிறது.

இதை ஹெட்-அப் டிஸ்ப்ளே இல்லாத காரிலும் செய்து பார்க்கலாம். டேஷ்போர்டின் நடுவில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால் டோல் ரசீதோ பார்க்கிங் சீட்டோ கிடக்கும். வெயில் மேலிருந்து அவர்மேல் விழும் நேரத்தில் முன்கண்ணாடியைக் கவனியுங்கள். சாலைக்கு மேலே இன்னொரு பிள்ளையார், ஊடுருவித் தெரியும்படி, மங்கலாக மிதப்பார். போலரைஸ்டு கூலிங் கிளாஸைப் போடுங்கள். டேஷ்போர்டுப் பிள்ளையார் அப்படியே இருப்பார். சாலைமேல் மிதந்தவர் மறைந்துவிடுவார். கூலிங் கிளாஸை முகத்துக்கு முன்னால் பிடித்து மெதுவாக நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறைந்தவர் திரும்பி வருவார்.

என்னைக் கேட்டால், இந்த மொத்த விவகாரத்தையும் இந்தப் பிள்ளையார் ஒருவரே சொல்லிவிடுகிறார். டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுவது கார் செய்பவர்களுக்கு நெடுநாளையத் தொல்லை. டேஷ்போர்டை ஏன் பெரும்பாலும் கறுப்பாக, பளபளப்பில்லாமல் செய்கிறார்கள் என்றால் அதற்குத்தான். அந்தத் தொல்லையையே வேலைக்கு அமர்த்திச் சம்பளம் கொடுத்தால் அதன் பெயர் ஹெட்-அப் டிஸ்ப்ளே. தொல்லையாக வந்த பிம்பம் எது, சேதியோடு வந்த பிம்பம் எது என்று கூலிங் கிளாஸுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே கண்ணாடியில், ஒரே சாய்வில் பட்டு, ஒரே அடையாளத்தோடு வருகின்றன.

விளம்பரங்களைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மழை நின்ற சாலை, எதிரே சூரியன், போலரைஸ்டு கிளாஸ் போட்டதும் சாலை முழுக்கப் பளபளப்பு நீங்கித் தெளிவது போலப் படம் போடுவார்கள். அவ்வளவு நடக்காது. தண்ணீரின் 53 டிகிரியை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணக்கிட்டால், அந்தப் புள்ளி அவருக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் விழுகிறது. அதாவது போனட்டுக்கு அடியில். பத்து மீட்டர் தள்ளியுள்ள ஈரச் சாலையை அவர் மிகப் படுத்த கோணத்தில் பார்க்கிறார். அங்கே இடம்-வல ஒளி 58 சதவீதம் திரும்பினால், மேல்-கீழ் ஒளியும் 37 சதவீதம் திரும்புகிறது. கூலிங் கிளாஸ் முன்னதைத் தின்றாலும் பின்னது வந்து கூசும். தூரத்துச் சாலையில் கிடைக்கும் லாபம் சுமார்தான். உண்மையான லாபம் பக்கத்தில் இருக்கிறது: போனட், அருகில் போகும் காரின் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக நம் முன்கண்ணாடியில் விழும் டேஷ்போர்டின் வெளுப்பு.

பளபளப்பை இப்படி நீக்கிவிட்டுப் பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை உலகப் புகழ் பெறும் அளவுக்குக் கேட்டவர் திருச்சியில் பிறந்து, கல்கத்தாவில் புகழ் பெற்று, பெங்களூரில் கடைசிவரை வாழ்ந்த சி.வி. ராமன். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உட்காரவிடவில்லை. கடலுக்கு நிறமில்லை, வானத்தின் நீலம் அதில் பிரதிபலிக்கிறது, அவ்வளவே என்று பெரிய விஞ்ஞானியான ராலே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராமனிடம் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது: கால்சைட்டை வெட்டி ஒட்டிச் செய்த, விரல் அளவுக் கருவி. ஒரு திசை அதிர்வை மட்டும்தான் அது உள்ளே விடும். கப்பல் தளத்தில் நின்று, தண்ணீரைப் புரூஸ்டரின் கோணத்தில் பார்த்து, அந்தப் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார். ராலே சொன்னது சரியென்றால் கடல் நிறமிழந்திருக்க வேண்டும். முன்னைவிட அழுத்தமான நீலத்தில் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்து, மூலக்கூறுகளில் பட்டுச் சிதறி வருகிறது என்ற முடிவுக்கு ராமன் வந்தார். பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றதும் நேச்சர் இதழுக்குக் கடிதம் போனது.

சாராம்சத்தில், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக் கடலைப் பார்த்திருக்கிறார் ராமன். இன்றைக்கு மெரினாவில் யாரும் செய்யக்கூடிய காரியம். அதிலிருந்து தொடங்கிய சிதறல் ஆராய்ச்சிதான் ஏழு ஆண்டுகளில், 1928 பிப்ரவரி 28-இல், ராமன் விளைவில் போய் நின்றது. அந்தக் கடைசிக் கட்டத்திலும் இதே சோதனை கைகொடுத்தது. கிளிசரினில் சிதறிய வெயில் பச்சையாகத் தெரிவதை அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த வெங்கடேஸ்வரன் பார்த்தார். அது சாதாரண ஒளிர்தலாக இருந்திருந்தால் அதில் தளவிளைவு வலுவாக இருக்காது. இருந்தது.

1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக ராமன் பெங்களூர் வந்தார். 1948-இல் மேக்ரி சர்க்கிளுக்குப் பக்கத்தில் தன் பெயரிலேயே ஆய்வுக்கழகம் அமைத்துக்கொண்டார். படிகங்கள், வைரங்கள், அவற்றில் தளவிளைவு பெற்ற ஒளி ஆடும் ஆட்டம், இவையே அங்கே பேச்சு. அதற்கு மறுபடி வருகிறேன். அதற்கு முன் நிக்கல் பட்டகம் எப்படி ஐந்நூறு ரூபாய்க் கூலிங் கிளாஸ் ஆனது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கதை ஒரு நாயின் சிறுநீரில் தொடங்குகிறது.

பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஹெராபத். கொய்னா மருந்து கொடுக்கப்பட்டிருந்த நாய் ஒன்றின் சிறுநீரில் அவருடைய மாணவர் அயோடினைச் சொட்டியபோது பச்சைப் பளபளப்பில் சின்னச் சின்னப் படிகங்கள் விழுந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக விழுந்த இடம் கறுத்துத் தெரிந்தது. மெல்லிய ஏடாக இருந்தும் ஒரு திசை அதிர்வை அவை முழுக்கத் தின்றன. 1852-இல் ஹெராபத் இதை வெளியிட்டார். பெரிய படிகமாக வளர்க்க முடியாமல் கைவிட்டார்கள். முக்கால் நூற்றாண்டு கழித்து, எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க இளைஞர் வேறு வழி பிடித்தார். பெரிய படிகம் எதற்கு? கோடிக்கணக்கான நுண்படிகங்களை அரக்கில் குழைத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்க வைத்தால் போதாதா? 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் 1938-இல் படிகத்தையே விட்டுவிட்டு, பாலிவினைல் ஆல்கஹால் என்ற நெகிழித் தாளை இழுத்து நீட்டி அயோடினில் தோய்த்தார். இழுத்த திசையில் மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்துக்கொள்ள, அவற்றைப் பிடித்து அயோடினும் சங்கிலியாகப் படுத்தது. அந்தத் திசையில் அதிரும் ஒளியை அது விழுங்கிவிடும். இன்று கூலிங் கிளாஸுக்குள் இருப்பதும், எல்.சி.டி.யின் மேல் ஒட்டியிருப்பதும் அடிப்படையில் அதே அயோடின் தாள். வேக எண்ணை அனுப்புவதும் அழிப்பதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

லேண்டின் கனவு கூலிங் கிளாஸ் அல்ல, கார்தான். 1926-இல், பதினேழு வயதில், இரவில் எதிரே வரும் கார்களின் வெளிச்சம் கண்ணைக் கூசவைப்பதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார். எல்லாக் கார்களின் ஹெட்லைட்டிலும், ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னாலும், ஒரே பக்கமாக 45 டிகிரி சாய்த்து இந்தத் தாளை வைக்க வேண்டும் என்பது திட்டம். நம் விளக்கின் ஒளி சாலையில் பட்டுத் திரும்பும்போது நம் தாளுக்கு இணையாக இருக்கும், தெரியும். எதிரே வருகிறவர் நம்மைப் பார்த்து நிற்பதால் அவருடைய சாய்வு நமக்கு எதிர்ப்பக்கமாகிவிடும். இரண்டுக்கும் இடையே சரியாக 90 டிகிரி. அவருடைய ஹை பீம் நமக்கு வெறும் மங்கிய புள்ளி. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஓசூர் சாலையில் இரவு வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் தாள் பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றது; ஊரில் உள்ள எல்லா வண்டியும் ஒரே நாளில் மாறினால்தான் பயன்; டெட்ராய்ட் கம்பெனிகள் அசையவில்லை. கூலிங் கிளாஸ் மிஞ்சியது.

மேக்ரி சர்க்கிளுக்குத் திரும்புவோம். ராமனின் தங்கை மகன்கள் சிலர் இயற்பியலுக்கு வந்தவர்கள். இந்தக் கதைக்கு அவர்களில் இருவர் வேண்டும். ஒருவர் எஸ். சந்திரசேகர். (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பெற்ற சந்திரசேகர் வேறு, அவர் ராமனின் அண்ணன் மகன். இந்தக் குடும்பத்தில் பெயர்க் குழப்பம் சகஜம்.) திரவப் படிகங்கள் அதுவரை எல்லாம் குச்சி வடிவ மூலக்கூறுகளால் ஆனவை என்றுதான் கருதப்பட்டது. 1977-இல் சந்திரசேகரும் சதாசிவாவும் சுரேஷும் ராமன் ஆய்வுக்கழகத்திலிருந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்று காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தட்டுகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்நாளைய எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கறுப்பு வெளுக்கும், நிறம் தலைகீழாகும். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் தட்டுத் திரவப் படிகங்களைப் பூசிய படலம் ஒன்றைத் திரையில் ஒட்டி அதைச் சரிசெய்தது. கணினித் திரைகள் வரிசை வரிசையாக விற்ற காலத்தில் அந்தப் படலமும் அவற்றோடு வீட்டுக்கு வீடு போனது.

இன்னொருவர் பஞ்சரத்னம். 1950-களின் நடுவில், இருபதைத் தாண்டியவுடனேயே, தாய்மாமனின் கூடத்தில் ஒளியின் தளத்தைத் திருப்பும் தகடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சில படிகத் தகடுகளைச் சரியான தடிமனில் வெட்டினால், இடம்-வலமாக வரும் ஒளியை மேல்-கீழாகத் திருப்பி அனுப்பும். ‘அரை அலைத் தகடு’ என்று பெயர். சிக்கல் என்னவென்றால், பச்சைக்குச் சரியாக வெட்டிய தகடு சிவப்பையும் நீலத்தையும் அரைகுறையாகத்தான் திருப்பும். ஒரு தகட்டைச் சரிசெய்யப் போராடாமல், சாதாரணத் தகடுகள் சிலவற்றை வெவ்வேறு கோணத்தில் திருப்பி அடுக்கினால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுகட்டும் என்று 1955-இல் பஞ்சரத்னம் காட்டினார். வானியல் தொலைநோக்கிகளில் இன்றும் அவர் பெயரிலான அடுக்கு புழங்குகிறது.

அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரை இன்னும் விநோதமானது. ஒளியின் அதிர்வு நிலைகளை ஒரு கோளத்தின் மேற்பரப்பில் புள்ளிகளாகக் குறிக்கலாம். ஒளியை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் மாற்றி, புறப்பட்ட நிலைக்கே கொண்டுவந்தால் அது பழையபடி இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அலை சற்று முன்பின்னாக நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பது கோளத்தில் அந்தப் பயணம் வளைத்துக்கொண்ட பரப்பில் சரிபாதி. 1984-இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதே வகை விளைவைக் கண்டு உலகம் அதைக் கொண்டாடியபோது, பெங்களூர்க்காரர்களான ராமசேஷனும் (பஞ்சரத்னத்தின் அண்ணன்தான்) ராஜாராம் நித்யானந்தாவும் 1986-இல் கரண்ட் சயன்ஸ் இதழில், இது 1956-லேயே இங்கே நடந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டு பெர்ரி பெங்களூருக்கே வந்து பழைய கட்டுரையைப் படித்து ஒப்புக்கொண்டார். பஞ்சரத்னம் அதைப் பார்க்க இல்லை. 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில், 35 வயதில், இறந்துபோயிருந்தார்.

தளத்தைத் திருப்பும் இந்தக் கலைதான் வேக எண்ணை மீட்டுக்கொடுக்கிறது. எண்ணை மேல்-கீழ் அதிர்வாக அனுப்பிவிட்டால் கூலிங் கிளாஸ் விட்டுவிடும், ஆனால் முன்கண்ணாடி அதைத் திருப்பி அனுப்பாதே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. முன்கண்ணாடி என்பது ஒற்றைக் கண்ணாடி அல்ல; இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலம். அந்த நடுப்பகுதியில் அரை அலைப் படலம் ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். மேல்-கீழ் ஒளி உட்பரப்பில் பிரதிபலிக்காமல் உள்ளே போகும்; நடுவில் படலம் அதை இடம்-வலமாகத் திருப்பும்; வெளிப்பரப்பு அதை நன்றாகத் திருப்பி அனுப்பும்; வரும் வழியில் அதே படலம் மறுபடி மேல்-கீழாக்கும். கூலிங் கிளாஸ் சலாம் போட்டு வழிவிடும். இன்னொரு வழி, மேல்-கீழ் ஒளியையும் திருப்பும்படி கண்ணாடிக்குள் மெல்லிய உலோகப் பூச்சு கொடுப்பது. இரண்டுக்கும் காசு ஆகும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் பெரும்பாலானவற்றில் பழைய இடம்-வல ஏற்பாடுதான்.

பலேனோ, பிரெஸா வகையறாவின் தனித் தகட்டில், தகட்டின் சாய்வையும் உள்ளிருக்கும் திரை எந்தத் தளத்தில் ஒளியை விடுகிறது என்பதையும் பொறுத்து மங்கல் கூடும், குறையும். வெளிச்சத்தைக் கூட்டிவைத்துப் பயனில்லை. அழிவது வெளிச்சக் குறைவால் அல்ல. தலையைச் சாய்த்தால் வரும், அதுவும் மாலஸ் சொன்ன கணக்குப்படியே: 30 டிகிரி சாய்த்தால் கால்வாசி, 45 டிகிரி சாய்த்தால் பாதி. கழுத்தை அப்படி வைத்துக்கொண்டு மாரத்தஹள்ளி வரை போக முடியாது. விமானிகளுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போலரைஸ்டு கிளாஸே வேண்டாம் என்கிறது. கருவித் திரைகள் மறையும், எதிரே வரும் விமானத்தின் மினுக்கமும் அடங்கிவிடும்.

எனவே ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள காருக்கு வெறும் சாயக் கூலிங் கிளாஸ் போதும். வாங்கும்போது இது எந்த வகை என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. சிக்பேட்டை நடைபாதையில் நூறு ரூபாய்க்கு விற்பதிலும் ‘போலரைஸ்டு’ சீட்டு ஒட்டியிருக்கும். செல்போன் திரையை வெள்ளையாக வைத்து, கூலிங் கிளாஸை அதன் முன்னே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது திரை இருண்டால் போலரைஸ்டு, மாறாமலே இருந்தால் இல்லை. அதே கையோடு வெளியே வந்து நிற்கும் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தால், அதில் சிறுத்தைத் தோல் போல வரிசையாகக் கறும்புள்ளிகள் தெரியும். பழுக்கக் காய்ச்சிய கண்ணாடியைக் காற்றுக் குழல்களால் ஊதிக் குளிரவைத்த தொழிற்சாலையின் தடம் அது. குழல் நேராக ஊதிய இடமும் ஊதாத இடமும் வெவ்வேறு இறுக்கத்தில் உறைந்திருக்கின்றன.

முன்கண்ணாடியில் அந்தப் புள்ளிகள் இருக்காது, அது வேறு மாதிரிச் செய்யப்படுவது. ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள கார் என்றால் இன்னும் வேறு. உட்பரப்பு, வெளிப்பரப்பு இரண்டிலும் பிரதிபலித்து எண் இரட்டையாகத் தெரியாமலிருக்க, நடுவிலுள்ள நெகிழிப் படலத்தை மேலே தடித்தும் கீழே மெலிந்தும், கண்ணுக்குத் தெரியாத ஆப்பாக வார்த்திருப்பார்கள். லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி உடைந்தால், மாற்றும் இடத்தில் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். விலை குறைவு என்று சாதாரணக் கண்ணாடியைப் போட்டுவிட்டால், கூலிங் கிளாஸ் இல்லாமல் பார்க்கும்போது 18-க்குப் பக்கத்தில் இன்னொரு 18 தெரியும்.